ஞாயிறு ஏழரை மணி

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். அவன் அணைப்பான். தண்ணீர் கொதிக்க வைப்பான். பால் புட்டி இரண்டு, ரப்பர் இரண்டு, மூடி இரண்டு. கொதிநீரில் ஏழு நிமிடம். அது முடிவதற்குள் பல் துலக்கிவிடுவான். ஆறு மணிக்குப் பாப்பா எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அழமாட்டாள். கம்பியைக் கடிப்பாள். அவன் அவளைத் தூக்கி, டயப்பர் மாற்றி, புட்டியைக் கையில் கொடுத்து, மடியில் சாய்த்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பான். சுவரில் ஒன்றும் கிடையாது. ஓர் ஆணி இருந்தது.

ஆறரைக்கு உள்ளறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்கும். ஆறு இருபத்தொன்பதுக்குக் கேட்காது. பால் கொட்டினாலும், பாப்பா வீட்டையே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கத்தினாலும், அந்தக் கதவு ஆறரைக்குத்தான் திறக்கும். ஆறரைக்குத் திறக்காமல் இருந்ததும் இல்லை. கறார் அக்கா தலைவாரி முகம் கழுவி வெளியே வந்து, இரண்டு கைகளையும் நீட்டி, "குடுங்க சார்" என்பார். அவன் கொடுப்பான். பிறகு குளிப்பான், இரண்டு ரொட்டித் துண்டுகளைத் தின்பான், பஸ் பிடிப்பான்.

இப்படி ஒன்பது மாதம்.

கறார் அக்கா என்பது கீழே வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி வைத்த பெயர். அக்கா வந்த முதல் நாள் அவர் நோட்டில் பெயர் எழுதி, பணி என்ற கட்டத்தில் 'ஆயா' என்று போட்டார். அக்கா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 'குழந்தை பராமரிப்பாளர்' என்று எழுதினார்.

"இவ்ளோ நீளமா எழுத இடம் பத்தாதுங்க" என்றார் காவலாளி.

"பக்கத்துக் கட்டமும் சும்மாதான இருக்கு. அதுலயும் சேத்து எழுதுங்க."

அன்று முதல் அந்தப் பதினாறு மாடியிலும் அவர் கறார் அக்கா. காவலாளி மட்டும் அந்த இரண்டு கட்டத்தையும் சேர்த்துத்தான் எழுதிவருகிறார்.

அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. அலுவலகத்தில் அவனைச் 'சரி சார்' என்பார்கள். காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை. மனைவி இறந்த பிறகு எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும் ஆளாகிவிட்டான். கேட்பவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள், அதற்காகத்தான். "பெரிய மேசை வேணுமா, ஜன்னல் ஓரம் வேணுமா?" சரி. "டீயா, காபியா?" சரி. ஒருநாள் ஒருவன் வேண்டுமென்றே, "சார், உங்க நாற்காலிய எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். அதற்கும் சரி. அன்று மாலைவரை நின்றுகொண்டே வேலை பார்த்தான்.

ஆள் வைத்த கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது. பாப்பா ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போது தாய் போனாள். மாமியார் வந்து இரண்டு மாதம் கூடவே இருந்தார். அங்கே மாமனாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை என்றானதும் கிளம்ப வேண்டியதாயிற்று. குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகமுடியாது. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் தூக்கிவிட அவரிடம் ஆறு கை இல்லை. போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்: "ஆளு கீளு வெச்சுடாதீங்க மாப்பிள்ளை. என் பொண்ணு கடைசியா என்கிட்ட அதைத்தான் சொன்னா. 'என் புள்ளைய கூலிக்காரி கையில விட்டுடாதம்மா'ன்னு."

அவன் சரி என்றான். மறுநாள் ஏஜென்சிக்குப் போன் செய்தான். அலுவலகத்தில் இனி ஒருநாள் விடுப்பு எடுத்தாலும் வேலை போய்விடும் நிலை. மாமியாருக்குத் தெரிந்ததும் போனில் திட்டினார்; அதற்கும் சரி என்றான்.

மூன்று பேரை அனுப்பினார்கள். முதலில் வந்தவர் டிவி எத்தனை அங்குலம் என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாமவர், தாய் இல்லை என்று கேட்டதும் அழ ஆரம்பித்தார். அவன் தண்ணீர் கொடுத்தான், துண்டு கொடுத்தான், கடைசியில் ஆட்டோவுக்குக் காசும் கொடுத்து அனுப்பினான். மூன்றாவது கறார் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். அழவில்லை. அறையைக் காட்டச் சொல்லி, கதவின் உட்பக்கத்தைப் பார்த்தார்.

"தாழ்ப்பாள் இல்ல."

"போட்டுடலாம்."

"காலைல ஆறரைலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் குழந்தை என் பொறுப்பு. அதுக்கு மேல உங்களுது. உடம்பு சரியில்லன்னா மட்டும் எழுப்பலாம்."

"சரி."

"ஞாயித்துக்கிழமை லீவு. காலைல ஏழுக்குப் போவேன், மறுநாள் ஆறரைக்கு முன்னாடி வந்துடுவேன்."

"சரி."

சம்பளத்தைச் சொன்னார். அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

"சரி."

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு அவனை நன்றாகப் பார்த்தார். "எல்லாத்துக்கும் சரிங்கறீங்க. ஒண்ணுக்காவது பேரம் பேசுங்க சார். பேரம் பேசாத வீட்டுல சம்பளம் ஒழுங்கா வந்ததே இல்ல எனக்கு."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். "ஞாயிறு ஏழுக்குப் பதிலா எட்டு மணிக்குப் போறீங்களா?"

"ஏழரை."

"சரி."

"இப்ப சொன்னீங்களே, இது சரி" என்றார் அக்கா.

உபசாரமாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்து அவன், "நீங்க எங்க வீட்டுல ஒருத்தர் மாதிரி இருக்கலாம்" என்றான்.

"மாதிரியெல்லாம் வேண்டாம் சார். முந்தி ஒரு வீட்டுல அப்படித்தான் இருந்தேன். சாப்பாடும் மாதிரியாத்தான் வந்துது, சம்பளமும் மாதிரியாத்தான் வந்துது."

முதல் சம்பளத்திலேயே முட்டிக்கொண்டது. ஒன்றாம் தேதி அவன் பஸ்ஸில் நின்றபடி போனில் பணம் அனுப்பினான். எதற்காக அனுப்புகிறீர்கள் என்று வங்கிச் செயலி ஒரு பட்டியலைக் காட்டியது. முதலில் இருந்ததை அழுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டான். மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்தால், மொத்தப் பணமும் அவன் கணக்குக்கே திரும்பி வந்திருந்தது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலையை விட்டுவிட்டாரோ என்று உள்ளே எட்டிப் பார்த்தான். அக்கா பாப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பணம் திரும்பி வந்திருக்கே?"

"நான்தான் அனுப்பினேன். என்னன்னு போட்டு அனுப்பியிருக்கீங்க, பாருங்க."

பார்த்தான். 'அன்பளிப்பு' என்று இருந்தது.

"அன்பளிப்பு வாங்க நான் உங்களுக்கு என்ன வேணும் சார்? முப்பது நாள் வேலை பாத்திருக்கேன். கீழ மூணாவதோ நாலாவதோ சம்பளம்னு இருக்கும், தேடிப் பாருங்க."

ஐந்தாவதாக இருந்தது. அவன் அழுத்தினான். அக்காவின் போன் சிணுங்கியது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பாப்பாவின் கட்டைவிரலுக்குப் போனார்.

ஒன்பதாவது மாதம் ஒரு வியாழக்கிழமை. அவன் ஒரு விபத்து விண்ணப்பத்தில் தேதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் போன் செய்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டான். மாமனார் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். சரி அத்தை. மச்சானுக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைக்கிறது. சரி. வந்து பாப்பாவை... இங்கே ஒரு தேதி இடித்தது. விபத்துக்கு முன்பே மருத்துவமனைச் சீட்டு. அவன் சிவப்பு மையால் சுழித்தான். ரெண்டு வருஷம் போனா தெரியாது. சரி. அப்போ ஞாயித்துக்கிழமை காலைல. சரி அத்தை.

சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் ஒரு படம் அனுப்பினான். காரில் குழந்தைக்குப் போடும் இருக்கை. கீழே எழுதியிருந்தான்: 'நாலு வயசு வரைக்கும் தாங்கும் மாமா. கடைக்காரன் சத்தியம் பண்றான்.'

அவன் படத்தை இரண்டு தடவை பார்த்தான். பிறகுதான் வியாழக்கிழமைப் பேச்சு காதில் விழுந்தது. பார்த்துவிட்டுப் போக வரவில்லை. கூட்டிக்கொண்டு போக வருகிறார்கள். அவனே சரி என்று சொல்லியிருக்கிறான், மூன்று தடவையோ நான்கு தடவையோ. ஒருவேளை அதுதான் நல்லதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அலாரம் வேண்டாம், புட்டி வேண்டாம். சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அக்கா சமையலறையில் மறுநாளுக்கான பால் புட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவன் போய் நின்றான்.

"நாளைக்கு ஒரு நாள் இருக்க முடியுமா? அத்தை வர்றாங்க. பாப்பாவ கூட்டிட்டுப் போறதுக்கு."

"நீங்க சொன்னீங்களா, கூட்டிட்டுப் போகச் சொல்லி?"

"சரின்னு சொன்னேன். காதுல வாங்காமயே சொல்லிட்டேன்."

"நாளைக்கு எனக்கு லீவு சார்."

"ரெட்டைச் சம்பளம் தரேன்."

"அவங்க வர்றது உங்ககிட்ட பேச. நான் நடுவுல நின்னா, பேச்சு என் மேல திரும்பிடும். உங்களுக்கு அது வசதி. எனக்கு இல்ல."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எட்டு மணி. தாழ்ப்பாள் விழுந்தது.

அவர்கள் எட்டுக்கோ ஒன்பதுக்கோ வருவார்கள் என்று நினைத்திருந்தான். ஞாயிறு காலை ஏழு பத்துக்கே வாசல் மணி அடித்தது. மாமியார் ஒரு காலிப் பெட்டியோடு வந்தார். மச்சான் பின்னால் கொட்டாவி விட்டபடி. "நாலு மணிக்கே கெளப்பிட்டாங்க மாமா. பால்காரன்கூட இன்னும் எழுந்திருக்கல."

பாப்பா உயர நாற்காலியில் உட்கார்ந்து வேகவைத்த முட்டையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கறார் அக்கா எதிரே ஸ்டூலில். வெளியே போகும் உடுப்பு, பக்கத்தில் பை. மாமியார் குழந்தையிடம் குனிந்து, "என் தங்கம்!" என்றார். தங்கம் முட்டைக்கையால் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. மாமியார் சிரித்தார். இதற்கு முன் அவர் சிரித்து அவன் பார்த்து ஒரு வருஷம் இருக்கும்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு குடுக்கறீங்க மாப்பிள்ளை, இந்தம்மாவுக்கு?"

அவன் தொகையைச் சொன்னான்.

"அடேயப்பா! இவன் வேலைக்குச் சேர்ந்தப்ப அவ்வளவு வாங்கல."

"இப்பவும் வாங்கலம்மா" என்றான் மச்சான்.

"நீ சும்மா இரு. இனி அந்தச் செலவும் மிச்சம்." மாமியார் பெட்டியைத் திறந்து தரையில் வைத்தார். "ஏம்மா, புள்ள துணியெல்லாம் எடுத்து இதுல வை. போர்வை, பொம்மை, எது இல்லாம தூங்காதோ அதெல்லாம்."

அக்கா எழுந்திருக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பதினெட்டு.

"சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துதும்மா. எனக்குச் சம்பளம் போடறவர் சொல்லட்டும்." அக்கா அவன் பக்கம் திரும்பினார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சாயங்காலம் குளிக்க வைக்கவா என்று கேட்கிற அதே குரல். "சார், எடுத்து வைக்கவா?"

அவன் வாய் தானாகவே 'ச' வரைக்கும் போய்விட்டது. பல்லுக்குப் பின்னால் நாக்கு நின்றுகொண்டிருந்தது. பதினோரு மாதமாக அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் காலம் தள்ளியிருந்தான். அதன் பிறகு என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மாமியார் குனிந்து பெட்டியின் மூடியைக்கூட அகலமாக விரித்துவிட்டார்.

"வேண்டாம்" என்றான்.

"என்னது?"

"எடுத்து வைக்க வேண்டாம். பாப்பா இங்கதான் இருப்பா."

"சரின்னு சொன்னீங்களே! போன்ல நாலு தடவை சொன்னீங்க."

"சொன்னேன். கவனிக்காம சொன்னேன். தப்பு என்னுது, மன்னிச்சுடுங்க. ஆனா பாப்பாவ அனுப்ப மாட்டேன்."

மச்சானின் கொட்டாவி பாதியில் நின்றது. "மாமா பேசறாரும்மா" என்றான், யாரோ இறந்தவர் எழுந்து உட்கார்ந்ததைப் போல.

மாமியார் விடவில்லை. ஆண்பிள்ளைக்கு என்ன தெரியும், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, பள்ளிக்கூடம் போகும்போது யார் தலை பின்னுவது என்று அடுக்கினார். அவன் நின்றுகொண்டே இருந்தான். சில கேள்விகளுக்குப் பதில் இருந்தது. தலை பின்னுவதற்கு இல்லை. "தெரியாது அத்தை, கத்துக்கறேன்" என்றான். "தெரியாது" என்று சொல்வதும்கூட அவனுக்குப் புதிதாக இருந்தது.

அக்கா இதற்குள் பாப்பாவின் வாயைத் துடைத்து, கை கழுவி, முட்டைத் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தார்.

"ஏழரை ஆச்சு சார்."

"இப்பவா?" என்றான் மச்சான். "எங்களுக்கே ஏழரை புடிச்சிருக்கு, நீங்க வேற!"

"பாதி முட்டைதான் சாப்பிட்டிருக்கா. பத்து மணிக்கு வாழைப்பழம் குடுங்க. முழுசா கையில குடுத்துடாதீங்க, அப்படியே முழுங்கப் பாக்கறா." பாப்பாவை அவன் இடுப்பில் வைத்தார். பையை எடுத்தார். செருப்பை மாட்டினார். "வரேன் சார். வரேம்மா." கதவு சாத்திக்கொண்டது. லிப்ட் வந்த சத்தம், போன சத்தம்.

"பாத்தீங்களா?" மாமியார் கதவைக் கையால் காட்டினார். "இதுதான் கூலிக்கு வளக்கற லட்சணம். வீட்டுல என்ன நடக்குது, ஏது நடக்குதுன்னு இல்ல. நேரம் ஆச்சுன்னு போட்டுட்டுப் போறா."

"போட்டுட்டுப் போகல. என் கையில குடுத்துட்டுப் போனாங்க."

"நாளைக்கு வேற வீட்டுல நாலு காசு கூடக் குடுத்தா அங்க போயிடுவா."

"அதனாலதான் அத்தை, வர்ற ஒண்ணாம் தேதி நானே கூடப் போடப் போறேன்."

"உங்களுக்கு வாய் வந்துடுச்சு." மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கையில் முட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தது, கவனிக்கவில்லை. "வரட்டும். நல்லா வரட்டும். ஆனா செத்தவ வார்த்தைய மிதிச்சுட்டு நிக்கறீங்க. என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா? கூலிக்காரி கையில விட்டுடாதம்மான்னு சொன்னா. அதையாவது காப்பாத்தலாம்னுதான் நான் நாலு மணிக்கு எழுந்து வந்தேன்."

ஒன்பது மாதமாக அந்த வாக்கியம் அந்த வீட்டில் இருந்தது. சம்பளம் அனுப்புகிற ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அது அவன் காதில் கேட்டது. பொய் என்று தெரிந்தும் அவன் அதை ஒருதடவைகூட மறுக்கவில்லை. மறுத்தால், அப்படியானால் என்னதான் சொன்னாள் என்று கேட்பார்கள்.

"அவ அப்படிச் சொல்லல அத்தை."

"என்கிட்ட சொன்னா!"

"எப்போ?"

மாமியார் வாயைத் திறந்தார். மச்சான் தரையைப் பார்த்தான். அவள் இறந்த அன்று மருத்துவமனைக்கு அவன்தான் வண்டி ஓட்டினான். அவர்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"போன்ல" என்றார் மாமியார். "அதுக்கு முந்தின வாரம்."

"அது நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை. அவ திரும்ப வேலைக்குப் போகணும்னு சொன்னா, நீங்க வேண்டாம்னீங்க. கோவத்துல, 'சரி, கூலிக்காரி கையில விடல, போதுமா'ன்னு கத்திட்டு வெச்சா. மறுநாள் ஏஜென்சிக்குப் போன் போட்டது அவதான். அந்த நம்பர்லதான் நானும் ஆள் கேட்டேன்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார். பாப்பா அவன் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வராததால் விட்டுவிட்டாள்.

"அப்போ என்னதான் சொன்னா?" மாமியார் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. "கடைசியா அங்க நீங்கதான இருந்தீங்க. ஒரு வருஷமாச்சு, ஒரு வார்த்தை சொல்லல நீங்க. எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் அதைப் புடிச்சுக்கிட்டேன். என்ன சொன்னா?"

அவன் பாப்பாவை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டான்.

"பெருசா ஒண்ணும் இல்ல அத்தை. பாப்பாவப் பத்தி இல்ல. உங்களப் பத்தியும் இல்ல. யாரு வளக்கணும், எப்படி வளக்கணும், எதுவும் இல்ல. காய்ச்சல் குறையுதுன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போனாங்க. நான் வீட்டுலேர்ந்து அவசர அவசரமா ஓடி வந்திருந்தேன். அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. சொன்னா. நான் பாத்ரூமுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, ரெண்டே நிமிஷம், அவ்வளவுதான். வெளிய சொல்ற மாதிரி இல்லன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. இப்ப சொல்றேன், கேளுங்க. 'டீ-சர்ட்ட திருப்பிப் போட்டிருக்கீங்க'ன்னா. 'போய் மாத்திட்டு வாங்க, டாக்டர் வந்தா என் மானம் போகுது.'"